கையில் தராத பாதித் துணி

1767-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். லண்டனில் உள்ள ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டலில் தாய் ஒருத்தி தன் ஆண் குழந்தையை ஒப்படைத்தாள். கூடவே, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சின்ன வேலைப்பாடு ஒன்று. அதில் நூலால் பின்னிய ஓர் இதயம். அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையின் பதிவுச் சீட்டோடு கொடுத்தாள். மறுபாதியைத் தானே வைத்துக்கொண்டாள். 1775-ல் திரும்பி வந்து மகனை மீட்டுச் சென்றாள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1741 முதல் 1760 வரை அங்கே சேர்ந்த குழந்தைகள் 16,282. பெற்றவர்கள் வந்து அழைத்துப் போனது 152 பேரை மட்டுமே.

பெயரில்தான் ஹாஸ்பிட்டல். உண்மையில், வளர்க்க வழியற்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்காகத் தாமஸ் கோரம் என்ற மாலுமி 17 ஆண்டுகள் அலைந்து, 1739-ல் அரச சாசனம் பெற்றுத் தொடங்கிய காப்பகம். வந்த குழந்தைக்குப் புதுப் பெயர் சூட்டி, கிராமத்துச் செவிலித்தாயிடம் அனுப்புவார்கள். ஐந்து வயதுவாக்கில் அவளிடமிருந்தும் பிரித்து லண்டனுக்குக் கொண்டுவருவார்கள்.

கலைக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஓவியர் ஹோகார்த் படங்களைக் கொடுத்தார், சீருடை வடிவமைத்தார், தன் வீட்டிலும் பிள்ளைகளை வைத்து வளர்த்தார். இசைமேதை ஹாண்டல் 1750 முதல் ஆண்டுதோறும் ‘மெசையா’ நிகழ்த்தி நிதி திரட்டினார். சீமான்கள் வந்து ரசித்தார்கள், பணம் சேர்ந்தது. பிள்ளைகளும் தேவாலயத்தில் பாடினார்கள். ஆனால், தன் கதையைச் சொல் என்று எந்தப் பிள்ளையிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சூப்பர்மேனும் வளர்ப்புப் பிள்ளைதான்!

எத்தியோப்பியத் தாய்க்கு 1967-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் லெம் சிஸ்ஸே. நலத்துறை அலுவலர் அவருக்கு ‘நார்மன்’ என்று பெயரிட்டு வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுத்தார். 12 வயதில் அந்தக் குடும்பம் கைவிட, காப்பகங்களில் வளர்ந்தார். தன் சொந்தப் பெயரே பின்னால்தான் தெரிந்தது. கவிஞரான அவர், பழைய ஹாஸ்பிட்டலின் நினைவாக இயங்கும் ஃபவுண்ட்லிங் மியூசியத்தின் சுவரில் 2014-ல் ஒரு பட்டியல் எழுதினார்: சூப்பர்மேன், ஹாரி பாட்டர் என்று கதைகளில் வரும் அநாதைகள், வளர்ப்புப் பிள்ளைகள். ஊரே கொண்டாடும் நாயகர்களும் தன்னைப் போன்றவர்கள்தான் என்பதை ஒரு பிள்ளை அங்கே படித்துக்கொள்ளலாம்.

இன்று பிரிட்டனில் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகளோடு அமர்ந்து ‘வாழ்க்கைக் கதைப் புத்தகம்’ தயாரிக்கிறார்கள். இருந்த வீடுகளை வரைவது, பழைய பஸ் டிக்கெட்டை ஒட்டுவது, முதல் நாள் பள்ளிப் படத்தைச் செருகுவது என வளரும் புத்தகம் அது. நேருக்கு நேர் கேட்டால் வாயே திறக்காத பிள்ளை, களிமண்ணைப் பிசையும்போது தானாகப் பேசும். கை வேலையில் இருக்க, கண் யாரையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா!

பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பிள்ளை வரையும்போது ‘என்ன இது, வீடா?’ என்று முந்திக்கொள்ளக் கூடாது. அனுமதியில்லாமல் படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது. முக்கியமாக, பிள்ளை வேறு வீட்டுக்கு மாறும்போது துணிமணியோடு அந்தப் படங்களும் போக வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அவைதாம்.

அன்று வெட்டிய துணியில் ஒரு பாதி பதிவேட்டில் இருந்தது. மறுபாதி தாயிடம் இருந்தது. பிள்ளையின் கையில் எதுவும் இல்லை. இப்படிச் சீட்டோடு மடித்து வைத்த துணிகளைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டும் வழக்கமே அங்கே கிடையாது.