படத்துக்குக் கீழே ஒரு வரி

பள்ளிக்கூடத்துப் பழைய படங்களை ஒன்றுசேர்த்து இணையத்தில் ஒரு படத்தொகுப்பாக வைப்பது என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் முடிவானது. வாட்ஸ்அப் குழுவில் சேதி போன மூன்றாம் நாளே படங்கள் வந்து கொட்டின. ஆண்டு விழா, சுற்றுலா, ஓட்டப் பந்தயம், யாரோ ஓர் ஆசிரியருக்குப் பிரிவுபசாரம். எந்த ஆசிரியர், எந்த வருடம் என்று கேட்டால் கைகூப்பும் பொம்மைதான் பதிலாக வந்தது.

அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு படத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. 1972-ஆம் ஆண்டு குரூப் போட்டோ. கெட்டி அட்டையில் ஒட்டியது, ஓரம் செல்லரித்திருந்தது. நடுவில் தலைமையாசிரியர், தரையில் சப்பணமிட்ட பையன்கள், அவர்களுக்கு நடுவே வருடம் எழுதிய சிலேட்டு. படத்துக்குக் கீழே அட்டையிலேயே அச்சடித்திருந்தது: நிற்பவர்கள், இடமிருந்து வலம். அமர்ந்திருப்பவர்கள். தரையில் இருப்பவர்கள். கடைசியில், வராதவர் என்று ஒரு பெயர்.

ஊர் ஸ்டுடியோக்காரர் அன்றைக்குச் செய்த அந்த வேலையைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம். படம் எடுப்பது சுலபமாகச் சுலபமாக, பெயர் எழுதுவது நின்றுபோயிற்று.

ஊரைக் கேட்ட நூலகம்

பெரிய இடத்திலும் இதே சிக்கல் இருந்தது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் தன்னிடமிருந்த 3,000-க்கும் மேற்பட்ட பழைய படங்களை ஃபிளிக்கரில் வைத்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி, நியூயார்க்கில் செய்திப் படங்கள் விற்ற பெய்ன் நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து வந்தவை. பலவற்றில் ஓரத்தில் எழுதிய ஒரு பெயரைத் தவிர வேறு விவரம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நூலகம் பொதுமக்களிடமே கேட்டது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் 67,000-க்கும் மேற்பட்ட குறிச்சொற்கள் சேர்ந்தன. பழைய செய்தித்தாள்களைத் துழாவி ஆளையும் தேதியையும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பலர். வந்ததை அப்படியே ஏற்காமல், ஊழியர்கள் சரிபார்த்த பிறகு 500-க்கும் மேற்பட்ட பதிவுகள் திருத்தப்பட்டன.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெய்ன் படங்களில் இருந்தவர்களில் பலர் செய்தியில் அடிபட்டவர்கள். நூறு வருடம் கழித்தும் செய்தித்தாளில் தேடி எடுக்க முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனைப் பற்றி எந்தச் செய்தித்தாளிலும் தேட முடியாது. அவர் பெயர் நாலைந்து பேர் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்த நாலைந்து பேருக்கும் வயது எண்பதை ஒட்டி.

டிரில் மாஸ்டர் வீட்டில்

அதனால் படம் ஏற்றுவதைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கள் டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். போனில் ஓட்டப் பந்தயப் படத்தைக் காட்டினால் வேலைக்காகாது என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. விரல் பட்டால் படம் ஓடியது. அவருக்குக் கோபம் வந்தது. மறுநாள் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கு மேலும் பேனாவால் எண் எழுதி எடுத்துப்போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏழு, அரிசி மண்டிக்காரர் பையன். ஒம்பது, அவன் தம்பி. டேய், பன்னெண்டு நீதானடா!"

பெயருக்கு முன்னால் அவருக்கு நினைவு வந்தது ஆளின் வீடு, அப்பாவின் தொழில், வாங்கிய அடி. பெயர் கடைசியில்தான் வந்தது. பதினேழாம் எண்ணில் விரல் நின்றது. பந்தயக் கயிற்றின் ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிந்த ஆள். "இவர்தாண்டா தண்டவாளத் துண்டுல மணி அடிப்பாரு" என்று சொல்லி, இனிஷியலோடு முழுப்பெயரும் ஊரும் சொன்னார். படத்தில் இருப்பதாக நாங்கள் கவனித்தே இராத மனிதர்.

எழுதுவது எப்படி

தொகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கேமரா தானாகவே உள்ளே எழுதி வைத்த தேதியும் நேரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். காகிதப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2,400-க்கு 3,600 புள்ளிகளாக வரும், பின்வரிசை முகமும் தெரியும். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய மறக்கக்கூடாது. பென்சிலில் எழுதிய தேதியும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

விவரத்தை யூனிகோடு தமிழில் எழுதுங்கள். எங்கள் சங்கத்தின் பழைய மலர் ஒன்று அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டச்சானது. இன்று திறந்தால் பெயர்களெல்லாம் கிறுக்கல். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றும், வருடம் நிச்சயமில்லை என்றால் 'சுமார் 1980' என்றும் எழுதிவிட வேண்டும். வெற்றிடத்தை நிரப்புவதைவிட, துணிந்து எழுதிய தவறான பெயரை விரட்டுவது கடினம். சொன்னவர் பெயரையும் குறித்துக்கொண்டால், பின்னால் தகராறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பம் ஸ்டுடியோவுக்கு அல்ல, வீட்டாருக்குச் சொந்தம். ஆனாலும் எடுத்தவர் பெயரைப் போடுவது மரியாதை. எழுதக்கூடாததும் உண்டு: இன்றைய குழந்தைகளின் பெயரும் வகுப்பும். போனில் எடுத்த படங்களில் வீட்டு இருப்பிடம் ஒளிந்திருக்கலாம். ஊருக்குக் காட்டும் பிரதியில் அதை நீக்கிவிட்டு, மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது எங்கள் தொகுப்பில் வாரத்துக்குப் பத்துப் படம்தான் ஏறுகிறது. முதலில் ஏறியது பதினேழாம் எண்காரர் நிற்கும் படம். சங்கத்தில் சிலருக்கு இந்த வேகம் போதவில்லை. அவர்களுக்கு அந்த 1972 அட்டையின் கடைசி வரியைக் காட்டுகிறேன். அன்றைக்குக் காய்ச்சலோ, வீட்டில் விசேஷமோ, அந்தப் பையன் வரவில்லை. படத்தில் அவன் முகம் இல்லை. ஆனாலும் அந்த வகுப்பில் அவன் இன்றுவரை இருக்கிறான். நம் போன்களில் இருப்பவர்களெல்லாம் முகத்தோடு வந்து நிற்கிறார்கள். வருகைப் பதிவுதான் இன்னும் எடுக்கவில்லை.