கீழாநெல்லி குடிச்சா மஞ்சள் காமாலை சரியாகுமா? சென்னை ஆய்வுக்குப் பிறகு நடந்தது என்ன?

கண் லேசா மஞ்சளாச்சுன்னா நம்ம ஊரில் முதல் வைத்தியம் கீழாநெல்லிதான். வேரோடு பிடுங்கி, அலசி, அரைச்சு, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். பலருக்குச் சரியாகியும் இருக்கு. அப்போ அது மருந்துதானே? இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னையில் என்ன நடந்தது?

ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்தவர், 1976-ல் மருத்துவ நோபல் பெற்ற அமெரிக்கர் பரூக் ப்ளும்பெர்க். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். அவருடைய குழு கீழாநெல்லிச் சாற்றை முதலில் சோதனைக் குழாயிலும், பிறகு விலங்குகளிலும் பரிசோதித்தது. வைரஸ் அடங்குவது போலத் தெரிந்தது.

அடுத்த கட்டம்தான் மனிதர்கள். சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜனும் (பின்னாளில் அங்கேயே துணைவேந்தர் ஆனவர்) ப்ளும்பெர்க்கும் இடம்பெற்ற குழுவின் ஆய்வு 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு 30 நாட்கள் கீழாநெல்லி மருந்து, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து.

முடிவு? கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் ஏன் மாத்திரையா வரல?

ஒரே ஒரு ஆய்வு, அதுவும் சில டஜன் பேர். இதை வைத்து மருந்தென்று அறிவித்துவிட முடியாது. வேறு ஊரில், வேறு ஆட்களிடமும் அதே முடிவு வரணும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை மொத்தமாக அலசி, போலி மருந்தைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் போதாது.

செடியிலும் ஒரு சிக்கல் இருக்கு. இலைக்குக் கீழே குட்டி நெல்லிக்காய் மாதிரி வரிசையாகக் காய்ப்பதால் கீழாநெல்லி; தமிழில் பேரு வெச்சவங்க கவனிச்சுத்தான் வெச்சிருக்காங்க. ஆனால் பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு இனங்களும் உண்டு. அறிவியல் நூல்களிலேயே நீண்டகாலம் பெயர் குழம்பிக் கிடந்தது. மண், பறிக்கும் பருவத்தைப் பொறுத்தும் செடியில் உள்ள வேதிப்பொருளின் அளவு மாறும்.

ஆனா எங்க வீட்ல சரியாச்சே?

சரியாகியிருக்கும். மஞ்சள் காமாலை ஒரு நோயே அல்ல, ஓர் அறிகுறி. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ரத்தத்தில் கூடினால் கண் மஞ்சளாகும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைட்டிஸ் பி-யையும் 100-ல் 95 பேரின் உடலே விரட்டிவிடும். இடையில் குடித்த கீழாநெல்லிக்குப் பேரு கிடைக்குது, அவ்வளவுதான்.

கவலை, மிச்சம் இருப்பவர்களைப் பற்றியது. பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் எந்தச் சாறும் அதை எடுக்காது. மலம் வெளிறி, உடம்பு அரிக்குதுன்னா அடைப்பைச் சந்தேகிக்கணும். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. பேச்சு குழறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு வீங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு கண் மஞ்சளாகாமலே வருஷக்கணக்கில் ஈரலைக் கெடுக்கும் குணம் உண்டு.

எனவே கண் மஞ்சளானால் முதலில் பிலிருபின், ஈரல் செயல்பாடு, ஹெபடைட்டிஸ் பரிசோதனை. கீழாநெல்லி குடிச்சிருந்தா அதை டாக்டரிடம் மறைக்காமச் சொல்லிடுங்க. ஹெபடைட்டிஸ் பி, சி-க்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசியும் இருக்கு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாச்சான்னு மருத்துவமனையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.