பம்பாயிலிருந்து இலண்டனுக்கு: பாட்ரிசியா ரொசாரியோவின் குரல்

மாமல்லபுரத்திற்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய குருக்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். அலை இரையும் மாலையில் மின்சாரம் போய்விட்டால், நமது மறையுரை மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஆனால் அதே நேரத்தில் கரையில் நிற்கும் ஒரு தாய், படகில் இருக்கும் மகனைப் பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பார்ப்பான். நம்மைவிட அவருக்குத் தொண்டை பெரிது என்பதல்ல காரணம். அலையின் இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச் சுருதியில் உறுமுகிறது. அந்தத் தாயின் குரலோ அதற்கு மேலே போகிறது.

இதை இங்கே சொல்லக் காரணம், நமது பாடகர் குழுவில் பாடும் ஒரு சிறுமி. பதினான்கு வயது. பாஸ்கா திருவிழிப்புக்கான பயிற்சியின்போது கீபோர்டு வாசிப்பவர் சுருதியை ஏற்றிக்கொண்டே போனார். அவளும் சிரித்துக்கொண்டே ஏறினாள். எல்லோரும் கைதட்டினோம், நாமும்தான். உயிர்ப்புப் பெருவிழாவன்று அவளுக்குக் குரலே இல்லை. அடுத்த வாரம் அவளுடைய தாய் வந்து, "சாமி, இவளை எங்க சேர்த்தா ஒழுங்கா கத்துக்கொடுப்பாங்க?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. அந்தக் கேள்விதான் பாட்ரிசியா ரொசாரியோவைப் பற்றிப் படிக்க வைத்தது.

பாட்ரிசியா ரொசாரியோ 1960-இல் பம்பாயில், கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் இலண்டன் சென்று கில்ட்ஹால் இசைப் பள்ளியில் வால்டர் குரூனர் என்ற ஆசிரியரிடம் பயின்றார். பின்னர் ஐரோப்பிய மேடைகளில் சொப்ரானோ பாடகியாக அறியப்பட்டார். மோட்சார்ட்டின் ஓபராக்களிலும் பாடினார். 2001-இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியது.

சொப்ரானோ என்பது மேலை இசையில் பெண்களின் மிக உயர்ந்த குரல் வகை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். கர்நாடக இசை பாடும் பெண்கள் பெரும்பாலும் நாலரைக் கட்டையிலிருந்து ஆறு கட்டைக்குள் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து கட்டை என்றால் ஆதார சட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வுகள். மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரை போனாலும் 590-ஐத் தொடாது. சொப்ரானோ பாடகியோ ஏறக்குறைய 260-இல் தொடங்கி 1050 வரை செல்கிறார். அதுவும் ஒலிவாங்கி இல்லாமல், ஐம்பது அறுபது கருவிகளுக்கு மேலாக, அரங்கின் கடைசி இருக்கை வரை.

இது கத்துவதால் வருவதல்ல. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும்போது அவற்றின் வலு 500 அதிர்வுகளைச் சுற்றியே மிகுதியாக இருக்கிறது, அதற்கு மேலே குறைந்துகொண்டே போகிறது. நமது காதோ 2000 முதல் 4000 வரையுள்ள ஒலியை மிக நுட்பமாகப் பிடிக்கிறது. அந்த இடைவெளிதான் பாடகியின் வழி. தாடையையும் வாயையும் அளவாகத் திறந்து, வாய்க்குள் இருக்கும் காற்றறையின் ஒலிப்பைத் தாம் பாடும் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார். அதனால்தான் உச்சத்தில் பாடும்போது சொற்கள் நமக்குச் சரியாகப் புரிவதில்லை. 'ஆ'வும் 'ஈ'யும் ஒன்றுபோலக் கேட்கும். பாடுபவரின் குறை அல்ல அது, இயற்பியல். இந்தப் பொருத்தமும், மூச்சை அளந்து விடும் பழக்கமும் உடம்பில் படியப் பல ஆண்டுகள் ஆகும். கைதட்டி ஏற்றினால் வராது. நமது சிறுமிக்கு நாம் செய்த தவறு அதுதான்.

திருஅவையின் வரலாற்றில் இந்தக் குரலுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. உயர் குரலுக்காக எழுதப்பட்ட எத்தனையோ திருப்பலிப் பாடல்கள் உண்டு. ஆனால் அவற்றை ஆலயப் பாடகர் குழுவில் பெண்கள் பாட வழி இல்லை. சிறுவர்கள் பாடினார்கள். சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்ட ஆண்களும் பாடினார்கள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அத்தகையோரில் கடைசியாக வத்திக்கான் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடிய அலெசாண்ட்ரோ மொரெஸ்கி 1922-இல்தான் இறந்தார். 1902-லும் 1904-லும் எடுத்த அவருடைய ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-இல் வெளியிட்ட இசை மடலில், பாடகர் குழு செய்வது வழிபாட்டுப் பணி, ஆகவே பெண்கள் அதில் இடம்பெற இயலாது, உயர் குரல் வேண்டுமானால் சிறுவர்களைக் கொண்டு பாட வேண்டும் என்று நெறி வகுத்தார். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் சில நிபந்தனைகளோடு கதவைத் திறந்தார். இன்று நமது பங்குகளில் பாடகர் குழுவென்றாலே முக்கால்வாசிப் பெண்கள். இந்த வழக்கம் நமது பாட்டிகளின் காலத்தில் கிடையாது என்பதை இளையோர் நம்ப மறுக்கிறார்கள்.

1955-க்குப் பின் ஐந்தே ஆண்டுகளில் பிறந்தவர் ரொசாரியோ. அவருடைய பெயரை உலகறியச் செய்தது திருவழிபாட்டின் மணம் கொண்ட இசை. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டேவனர் 1977-இல் கீழை மரபுவழித் திருஅவையில் சேர்ந்தவர். கிரேக்க ஆலயப் பாடல் முறையில் ஒரு குழு ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, அதன்மேல் தனிக்குரல் வளைந்து வளைந்து செல்லும். தம்பூரா சுருதியில் ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அத்தகைய வளைவுகளைச் சுருதி பிசகாமல், அவசரமில்லாமல் பாடும் குரலை டேவனர் ரொசாரியோவிடம் கண்டார். 1992-இல் ஆல்ட்பரோ இசை விழாவில் அவருடைய 'எகிப்து மரியா' ஓபரா அரங்கேறியது. அலெக்சாந்திரியாவில் பாவ வாழ்வு நடத்தி, பின் யோர்தானைக் கடந்து பாலைநிலத்தில் தவமிருந்த புனிதரின் கதை அது. மரியாவாகப் பாடியவர் ரொசாரியோ. அதன் பிறகும் அவருடைய குரலை மனத்தில் வைத்தே டேவனர் எழுதினார். 2013-இல் டேவனர் இறக்கும்வரை இவ்வாறு உருவானவை முப்பதுக்கும் மேல். 2003-இல் இலண்டன் டெம்பிள் ஆலயத்தில் இரவு முழுவதும், ஏறத்தாழ ஏழு மணி நேரம் நடந்த 'ஆலயத்தின் திரை' என்ற படைப்பிலும் அவர் தனிக்குரல் பாடினார். எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட்டும் அவருக்காக எழுதியிருக்கிறார். நீரோடையைத் தேடும் மானைப் பற்றிய 42-ஆம் திருப்பாடலுக்கும் அடுத்த திருப்பாடலுக்கும் எசுப்பானிய மொழியில் அமைத்த இசை அது. 1999-இல் முதன்முறை பாடப்பட்டது.

இத்தனைக்கும் அவர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது இதுதான். பம்பாயில் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்த இராயல் ஓபரா மாளிகை, பிறகு சினிமாக் கொட்டகையாகி, 1993-இல் மூடப்பட்டது. ரொசாரியோ ஐரோப்பாவில் புகழடைந்துகொண்டிருந்தபோது, சொந்த ஊரின் ஓபரா அரங்கம் பூட்டிக் கிடந்தது. பழுது பார்க்கப்பட்டு 2016 அக்டோபரில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது முதல் கச்சேரி அவருடையது. பியானோ வாசித்தவர் அவருடைய கணவர் மார்க் ட்ரூப்.

அதற்கு முன்பே, 2009-இல், இருவரும் இந்தியா வந்து இளம் குரல்களுக்குக் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இலண்டன் இராயல் இசைக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர், ஆண்டுதோறும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மூச்சு விடுவது எப்படி என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். நல்ல குரல்கள் இங்கே ஏராளம், முறையான பயிற்சிதான் இல்லை என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. நமது பங்குகளைச் சுற்றி வந்தால் அதை யாரும் மறுக்க முடியாது. ஆலயத்திற்கு இரண்டு இலட்சத்தில் ஒலிபெருக்கி வாங்க நன்கொடை சேர்க்கிறோம். பாட்டுக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரை அழைப்போம் என்றால் பங்குப் பேரவையில் அமைதி நிலவும்.

அந்தத் தாய்க்கு ஒருவழியாகப் பதில் சொன்னோம். சென்னையில் 2008-இல் ஏ.ஆர்.ரகுமான் தொடங்கிய இசைப் பள்ளியில் மேலை முறைக் குரற்பயிற்சி உண்டு. இலண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் பாட்டுத் தேர்வுகளையும் சென்னையில் எழுதலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துப் பயணம் வேண்டும், உடன் செல்ல ஒருவர் வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கத்துக்கிட்டா சினிமால பாடலாமா சாமி?" என்றார். பாடலாம், பாடாமலும் போகலாம் என்றோம். கடலுக்குப் போகிறவருக்குப் புரியாத பதிலா அது என்று சிரித்துக்கொண்டே போனார்.

பேருந்துச் செலவுக்கு இரண்டு குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. கட்டணம் இன்னும் சேரவில்லை. அதுவரை கீபோர்டில் சுருதியை இரண்டு படி இறக்கி வைத்திருக்கிறோம். பாட்டு மந்தமாகிவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். சிறுமிக்குத் தொண்டை கட்டுவது நின்றிருக்கிறது.