பாம்பை அடைக்க எந்தப் பூட்டு? மண் பானையும் துணியும் போதும்!

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. வீட்டுப் பூட்டு, பெட்டிப் பூட்டு, மாங்காய்ப் பூட்டு என்று அதில் பல வகை உண்டு. 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திருடனைத் தடுக்கத் திண்டுக்கல் பூட்டு இருக்கிறது. பாம்பை அடைத்து வைக்க எந்தப் பூட்டைப் போடுவது?

பாம்புக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. சாவியும் அதற்கு வேண்டாம். தலை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு கிடைத்தால் போதும். உடம்பு முழுவதும் பின்னாலேயே போய்விடும்!

ஆகவே பாம்புக்கு வீடு அமைப்பது லேசான காரியம் அல்ல.

இழுப்பறை வீடு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்கள் பலர் உண்டு. நாய், பூனை வளர்ப்பதுபோல அவர்கள் பாம்பு வளர்க்கிறார்கள். நிறையப் பாம்புகள் வைத்திருப்பவர்கள் அடுக்கு அலமாரி செய்துகொள்கிறார்கள்.

அந்த அலமாரியில் மேஜை டிராயர்போல வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. காற்றுக்குச் சிறு துளைகள். குடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர். ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம்.

பெட்டியின் பின்பக்கத்தில் மின்சாரத்தால் சூடாகும் பட்டை ஓடும். எதற்காக? பாம்புக்கு நம்மைப்போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். சூடு மிகுந்தால் நிழலுக்குப் போகும். பெட்டிக்குள்ளும் அந்த வசதி வேண்டும். ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை ஒன்றுக்கு, பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 31 டிகிரியும், மறு பக்கம் சுமார் 26 டிகிரியும் இருக்குமாறு அமைக்கிறார்கள்.

இந்த அலமாரியைக் குறை சொல்பவர்களும் உண்டு. பாம்பு உடலை முழுவதும் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இங்கே வளர்க்கலாமா?

கூடாது! நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் இஷ்டம்போல வைத்துக்கொள்ள முடியாது. சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பெற்ற இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த மலைப்பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டப்படி, அரசின் அனுமதியோடு, பாம்புகளுக்கு வீடு அமைத்திருக்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு.

இருளர்களின் பானை வீடு

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே, சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கடலோரச் சாலையில் இருக்கிறது வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது.

இருளர்கள் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். மண்ணில் பதிந்த சுவடு, உரிந்த சட்டை, வளையின் வாய் - இவற்றைப் பார்த்தே உள்ளே பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றார்கள். 1972-ல் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அவர்கள் பிழைப்பு போயிற்று!

அப்போது கை கொடுத்தவர், கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகர். "கொல்வதற்காகப் பிடித்த கை, உயிர் காப்பதற்காகப் பிடிக்கலாமே" என்ற எண்ணத்தில் 1978-ல் பிறந்ததுதான் இந்தச் சங்கம்.

இங்கே அலமாரியும் இல்லை. மின்சாரப் பட்டையும் இல்லை. வரிசை வரிசையாக மண் பானைகள்! பானைக்குள் பாதிவரை மணல். வாயில் பருத்தித் துணி. துணியைச் சுற்றி இறுக்கிய கயிறு. பூட்டு அவ்வளவுதான்!

பானை ஏன்?

தண்ணீர்ப் பானை ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? மண்ணில் உள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப் போகிறது. ஈர மணல் உள்ள பானையிலும் இதே வேலைதான் நடக்கிறது.

உள்ளே இருட்டு. ஆகவே பாம்பு மிரளாமல் சுருண்டு கிடக்கும். துணி வழியாகக் காற்று போய் வரும். உள்சுவர் வளைந்து இருப்பதால் முட்டி மோத மூலை இல்லை.

பாம்பு இங்கே நிரந்தரவாசி அல்ல. 3, 4 வாரத்து விருந்தாளி! வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் கட்டிய மெல்லிய சவ்வைப் பாம்பு கடிக்கும். விஷம் குவளைக்குள் சொட்டும். கெடு முடிந்ததும், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் சிக்கினால் பிடிக்கமாட்டார்கள்.

இந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விஷமே மருந்து!

எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். மருந்துக் கம்பெனிகள் அதை வாங்கி, குதிரைக்குச் சிறிது சிறிதாக ஊசி மூலம் செலுத்துகின்றன. குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாகிறது. அதைப் பிரித்து எடுத்தால், அதுவே விஷமுறிவு மருந்து!

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் இந்த ஒரே மருந்துதான். இந்தியாவில் இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும் பகுதி இருளர் சங்கத்திலிருந்தே போகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் உயிர்! இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

நாமே கட்டும் பாம்பு வீடு

வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்ட வீடுகளின் கொல்லையைப் பாருங்கள். விறகு அடுக்கு இருக்கும். செங்கல் அடுக்கு இருக்கும். சோளத்தட்டைப் போர் இருக்கும். இருட்டு, இடுக்கு, குளிர்ச்சி, பக்கத்திலேயே எலி! பாம்புக்கு வேறு என்ன வேண்டும்? தெரியாமலே நாம் அதற்கு அடுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

அடுக்குகளை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். எலி வளையை அடையுங்கள். இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். வெறுந்தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில் வரும். அது கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது!

கடித்துவிட்டால்?

கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மந்திரிப்பவரிடம் போவதும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் ஒரு விவசாயியின் உடம்பில் ஏறும் அந்த மருந்து, பெரும்பாலும் வடநெம்மேலியின் ஒரு மண் பானையிலிருந்து புறப்பட்டு வந்ததாகவே இருக்கும். துணியும் கயிறும் போட்ட எளிய பூட்டு. அது காப்பதோ விலை மதிக்க முடியாத உயிர்!