வீட்டிலிருந்தே குணமாகுமா? சென்னை கண்ட விடை

"வாப்பாவைத் தனி வீட்டில் வைத்துவிடட்டுமா, டாக்டர்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

காசநோய் உறுதியானதும் குடும்பத்தாரிடமிருந்து எழும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவே. மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் நம் காயல்பட்டினத்தில் இவ்வச்சம் இயல்பானது. இதற்கு நான் கூறும் விடை என் சொந்தக் கருத்தன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு உலகுக்கே அளித்த விடை அது.

காசநோய்க் கிருமியை 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் கண்டறிந்தார். எனினும் அதைக் கொல்லும் மருந்துகள் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அதுவரை தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை எனக் கருதி, நோயாளிகளைச் சானடோரியங்களுக்கு அனுப்பினர். தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. மருந்துகள் வந்த பின்னரும் அந்நம்பிக்கை மாறவில்லை. ஆனால் இந்தியாவின் நோயாளிகள் அனைவருக்கும் படுக்கைகள் எங்கே? இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் காத்திருந்தே மடிந்தனர்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்றார். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என அறிய, பணியாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. சானடோரியத்தில் இருந்தோர் நல்ல உணவும் ஓய்வும் பெற்று, உடல் எடையிலும் கூடினர். ஆயினும் சளியில் கிருமி நீங்கிக் குணமடைந்தோரின் அளவில் அவர்கள் சிறிதளவே முந்தியிருந்தனர். அச்சிறு வேறுபாட்டையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. நோயாளி வீட்டில் தங்கியதால் உடன் வாழ்ந்தோருக்கு நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பதும் தெளிவாயிற்று. ஏனெனில் தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது.

நம் கடற்கரையினருக்கு இம்மனப்பாங்கு புதிதன்று. மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று முன்னோர் நம்பினர். உண்மையில் சிப்பியின் உடற்போர்வைத் திசுவே முத்தை உருவாக்குகிறது. அதை அறிந்து செயற்பட்டதால்தான் 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி குழுவினரால் வளர்ப்பு முத்தை உருவாக்க முடிந்தது. உண்மை தெரிந்ததால் முத்தின் அழகு குறைந்துவிடவில்லை.

மெய்யை நாடும் தேடல் ஒரு விடையோடு நின்றுவிடுவதுமில்லை. "அப்படியானால் உணவு முக்கியமன்றோ?" எனச் சிலர் கேட்கலாம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் சத்துணவு வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்துக்கு ஈடாக உணவைக் கொள்ளலாகாது. ஆனால் உணவையும் புறக்கணிக்கலாகாது.

ஆகவே, வாப்பா வீட்டிலேயே இருக்கட்டும். முதற்சில வாரங்கள் காற்றோட்டமுள்ள அறையில் தனியாக உறங்கட்டும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும், முகக்கவசம் அணியட்டும். பிள்ளைகள் உட்பட வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து தருவோம். வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதங்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படாத வகையாயின் காலமும் மருந்தும் மாறும். அதை உங்கள் மருத்துவர் விளக்குவார். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கும். "நோய் போய்விட்டது" என்று மனம் சொல்லும். அந்த எண்ணத்தை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். சளிப் பரிசோதனை சொல்வதைக் கேளுங்கள்.

எங்களிடமும் தயங்காது கேளுங்கள்: "இது உண்மை என எவ்வாறு தெரியும், டாக்டர்?" அக்கேள்வியை நாங்கள் அவமதிப்பாகக் கொள்வதில்லை. சென்னையில் அன்று யாரோ அப்படிக் கேட்டதனால்தான் இன்று உங்கள் வாப்பா, பேரப்பிள்ளைகளின் குரல் கேட்கும் வீட்டிலிருந்தே குணமடைய முடிகிறது.