வெள்ளியின் கறுப்பு

நவராத்திரிக்கோ வரலக்ஷ்மி விரதத்துக்கோ வீட்டில் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்கோ முன்னதாகப் பீரோவின் அடித்தட்டிலிருந்து வெள்ளிச் சாமான்களை வெளியே எடுக்கிற குடும்பங்களில், சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் குங்குமச் சிமிழும் போன வருஷத்துப் பளபளப்பை இழந்து, விளிம்பில் மஞ்சளும் நடுவில் பழுப்பும் அடியில் கரியுமாக நிற்பதைக் கண்டு, அழுக்கேறிவிட்டதென்று சொல்லி, கைக்கு அகப்பட்ட பொடியை எடுத்துத் தேய்க்க உட்காருவது வழக்கம். வழக்கம் பழையதுதான், அதற்கு ஆதாரமான எண்ணம்தான் சரியல்ல. வெள்ளியின் மேல் காணும் கறுப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிய அழுக்கன்று. அதில் பெரும்பகுதி வெள்ளியே.

காற்றிலுள்ள பிராணவாயு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. வெள்ளியிடம் சாதாரணமாக அதன் ஜம்பம் பலிப்பதில்லை. வெள்ளிக்குச் சத்துரு கந்தகம். காற்றில் மிகமிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலிய கந்தக வாயுக்கள் ஈரத்தின் துணையோடு வெள்ளியின் மேற்பரப்பைத் தொட்டு, வெள்ளி சல்பைடு என்னும் ரசாயனச் சேர்க்கையை உண்டாக்குகின்றன. அந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்போது பொன்னிறமாகவும், சற்றுத் தடித்தால் பழுப்பும் ஊதாவுமாகவும், முற்றிய நிலையில் கறுப்பாகவும் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அந்தக் கறுப்பில் எடைக்கு எடை 100 பங்கில் சுமார் 87 பங்கு வெள்ளி என்பது ரசாயனக் கணக்கு. ஆகவே கறுப்பைச் சுரண்டி அங்கணத்தில் கொட்டுகிறவர் வெள்ளியைத்தான் கொட்டுகிறார்.

கந்தகம் எங்கேயிருந்து வருகிறது என்று வெகுதூரம் தேடவேண்டியதில்லை. பெருங்காயத்தின் வாசனையும், வெங்காயம், பூண்டு இவற்றின் நெடியும் கந்தகச் சேர்க்கைகளால் உண்டானவையே. முட்டையில் அது இருக்கிறது, கம்பளியில் இருக்கிறது, கரண்டிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ரப்பர் வளையத்தில்கூட இருக்கிறது, அந்த வளையம் கிடந்த இடத்தில் கரண்டியின் மேல் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நம் வியர்வையிலும் தோலிலும் உள்ள கந்தகத்தால்தான் குழந்தையின் அரைஞாணும் பெண்களின் கொலுசும் கறுக்கின்றன. ‘உடம்பில் சூடு அதிகம், அதனால்தான் கொலுசு கறுக்கிறது’ என்று பாட்டிமார் சொல்வதற்கு ரசாயன சாஸ்திரம் சாட்சி சொல்லாது. சூடு தணிய இளநீர் குடிப்பதில் நஷ்டமொன்றும் இல்லையாகையால் அதைத் தடுக்கவும் வேண்டாம்.

இனித் தேய்க்கிற விஷயத்துக்கு வருவோம். பித்தளைக்கும் செம்புக்கும் வகுத்த முறைகளை வெள்ளிக்கும் பிரயோகிப்பதே நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. புளியின் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும். வெள்ளியின் கந்தகக் கறுப்பிடம் அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி மணலின் ஜாதியைச் சேர்ந்த சிலிக்கா. செங்கற்பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை பித்தளைக் குடத்தின் முதுகுக்குத் தகும், வெள்ளிக்குத் தகா. பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்றாகிறது என்பது இக்காலத்து உபதேசம். பளிச்சென்று ஆவது மெய்தான். ஆனால் பல்லின் மேற்பூச்சு வெள்ளியைவிட எவ்வளவோ கடினமானது, பல்லுக்காகச் செய்த பொடி அதனினும் மெத்தென்ற உலோகத்தைக் கீறாமல் விடுமா? புதிதாகத் துலக்கிய தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நுண்ணிய கீறல்கள் தெரியும்; அந்தக் கீறல்களில் ஈரமும் பிசுக்கும் தங்குவதும் எளிது.

பொற்கொல்லர் பட்டறையில் நெடுங்காலமாக இருந்துவரும் பூந்திக்கொட்டையை நான் எல்லாவற்றிலும் முதலாவதாகச் சொல்வேன். கொட்டையின் விதையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நல்ல நுரை வரும். குங்குமச் சிமிழையே எடுத்துக்கொள்வோம்: மூடி திருகும் மரையில் எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து பிசினைப்போல் இறுகியிருக்கும். அதை ஊசியால் நோண்டாமல், நுரையில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, குழந்தைகளின் மிருதுவான பல்துலக்கும் பிரஷால் மரையின் போக்கிலேயே சுற்றித் துலக்கினால், முதலில் சிவப்பாகவும் பிறகு வெளிர்ப் பழுப்பாகவும் நீர் இறங்கி, கடைசியில் தெளிந்துவிடும். விளக்கின் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இவ்வாறே போகும். அதன் பின்பும் நிற்கிற கறுப்புக்கு மட்டுமே பொடி வேண்டும். மல் துணியில் வஸ்திரகாயம் செய்த நல்ல விபூதியைச் சொட்டு நீரில் குழைத்து, பஞ்சால் இலேசாகத் துடைத்து, கழுவி, ஈரம் ஆறுவதற்குள் பருத்தித் துணியால் ஒற்றிவிடுவது போதும்.

வெள்ளியைத் துளியும் இழக்காத ஒரு மார்க்கமும் உண்டு. பழைய அலுமினியப் பாத்திரமொன்றில், லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வீதம் சமையல் சோடாவைப் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றி, வெள்ளிச் சாமான் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அதில் அமிழ்த்தினால், சில நிமிஷங்களில் அழுகிய முட்டையின் நாற்றம் எழும், கறுப்பு மறையும். அலுமினியம் வெள்ளியைவிட எளிதில் ரசாயன மாறுதலுக்கு உட்படும் உலோகமாதலால், மின்னோட்டத்தின் வழியே கந்தகத்தைப் பிரித்துவிட்டு, கறுத்த வெள்ளியைச் சுத்த வெள்ளியாக அந்தச் சாமானிலேயே நிற்க வைக்கிறது. மேற்பரப்பு சற்று மங்கலாகத் தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைக்க மெருகு திரும்பும்.

ஆயினும் இதை எல்லாவற்றுக்கும் செய்யலாகாது. முத்தும் கல்லும் பதித்தவை, உள்ளே அரக்கு நிரப்பப்பட்ட கைப்பிடிகள், கவசங்கள் ஆகியவை கொதிநீரைத் தாங்கா. சரபோஜி மன்னர் காலத்தோடு பெயர் சேர்ந்த தஞ்சாவூர்க் கலைத்தட்டில் பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் ஒன்றாக இருப்பதால், அதைச் சோடா நீரில் போடாமல் உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதே உத்தமம். சித்திர வேலையுள்ள சாமான்களின் பள்ளங்களில் தங்கிய கருமையை முழுக்க எடுத்துவிட்டால், கொடியும் மயிலும் எழும்பித் தெரியாமல் வெறும் வெள்ளைத் தகடாகிவிடும். அங்கே கொஞ்சம் கறுப்பு இருப்பதுதான் அழகு என்பது என் கட்சி. 1840-ல் இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் உரிமை பெற்ற மின்முலாம் முறையில் வெள்ளி பூசிய சாமான்களோ ஒவ்வொரு தேய்ப்பிலும் அடியிலுள்ள உலோகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜெர்மன் சில்வரில் வெள்ளி அறவே இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை.

உப்புப் பண்டங்களை வெள்ளிக் கிண்ணத்தில் இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியை அரித்துப் புள்ளி விழச் செய்யும், அந்தப் புள்ளி லேசில் போகாது. பீரோவில் வைக்கும்போது நன்றாக உலர்த்தி, வெளுத்த பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாய் மூடலாம். கம்பளியோ, பழைய பத்திரிகைக் காகிதமோ, ரப்பர் வளையமோ பக்கத்தில் வேண்டாம். சமையலறை அலமாரியும் வேண்டாம். இவ்வளவு யத்தனமும் இல்லாமலே, தினமும் பூஜையில் புழங்கி அன்றன்று கழுவித் துடைக்கப்படும் உத்தரணியும் பஞ்சபாத்திரமும் அநேகமாகக் கறுப்பதில்லை.

வீட்டில் போகாத கறுப்புக்குக் கடையை நாடுகிறவர்கள், பாலிஷ் போடக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் தராசில் வைத்து எடை பார்த்துக்கொள்ளுங்கள்.