இரவல் கொடுக்க முடியாத பொருள்

வீடியோ கேம் என்றாலே நம் வயதுக்காரர்களுக்குச் சலிப்பு வரும். ஆனால் அதற்குப் பணம் கொடுப்பவர்கள் நாம்தான். ஆகவே கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களில் இரவல் பழைய வழக்கம். ஒரு வீட்டில் வாங்கும் வாரப் பத்திரிகை நாலைந்து வீடு சுற்றி, அட்டை கிழிந்துதான் திரும்பும். சித்தூரில் இருக்கும் என் மகளின் பிள்ளையும் திருப்பதியில் இருக்கும் என் மகனின் பிள்ளையும் அப்படித்தான் கேம் குறுந்தகடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். நான் பஸ் ஏறினால் என் பையில் ஒன்றாவது இருக்கும். சென்ற ஆண்டு பெரியவன் ஒரு கேமைக் கடையில் வாங்காமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டான். அதைச் சின்னவனுக்குக் கொடுக்க வழியில்லை. அது வாங்கியவனின் கணக்கோடு கட்டிப்போடப்பட்டது.

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. குறுந்தகடு, கடையில் எடுத்த புடவை மாதிரி, கட்டிக்கொள்ளலாம், கொடுக்கலாம். இறக்கிக்கொண்ட கேம், ரிசர்வேஷன் டிக்கெட் மாதிரி. அது பொருள் அல்ல, பெயர் போட்ட அனுமதி.

நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கணினி நிரலை வணிக முறையில் வாடகைக்கு விட உரிமையாளரின் அனுமதி வேண்டும். நகல் எடுத்து ஊருக்கு வழங்குவதும் குற்றமே. ஆனால் வாங்கிய குறுந்தகட்டைக் காசு வாங்காமல் இரவல் தருவது வாடகை ஆகாது.

2013இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு, குறுந்தகட்டைக் கைமாற்றவே கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் கைவிட்டது. யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கேமின் கதை வேறு. 2014இல் வந்த அதன் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்திவிட்டார்கள். அது இணையத் தொடர்பு இல்லாமல் ஓடாது என்பதால், குறுந்தகடு கையில் இருந்தவர்களும் விளையாட முடியவில்லை. 2025 முதல் கலிஃபோர்னியாவில், விற்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

சொன்னால் மட்டும் போதுமா? ரயில் டிக்கெட் பெயர் போட்டதுதான். ஆனாலும் வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு விண்ணப்பித்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றித் தருகிறார்கள். மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் மகள்தான். ஸ்டீம் என்ற இணையக் கடை 2024 முதல் ஆறு பேர் கொண்ட குடும்பம் கேம்களைப் பகிர இடம் தருகிறது, வரவேற்கத்தக்கது. ஆனால் அது ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு. பிழைப்புக்காக ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் நம் போன்ற குடும்பங்கள் அந்தக் கணக்கில் வராது. ரயில்வேக்கு முடிந்தது இந்தக் கம்பெனிகளுக்கு ஏன் முடியாது?

அதுவரை, வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இது குறுந்தகடாகக் கிடைக்குமா? இணையம் இல்லாமல் ஓடுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால், ஒரு பயணத்துக்கு டிக்கெட் எடுக்கிறோம் என்று எண்ணி, அதற்குத் தக்க விலை மட்டும் கொடுங்கள். கொடுத்து வாங்கும் பழக்கம் பிள்ளைகளிடம் தானாகவே இருக்கிறது. அதைக் காசு கொடுத்துக் கெடுக்க வேண்டாம்.